ரியோகானில் ஓர் இரவு: போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குக் கிளம்புகிற நண்பர்கள் ரயில் பாஸ் பற்றிக் கேட்டு முடித்ததும் அடுத்துக் கேட்பது ரியோகான் என்கிற ஜப்பானியப் பாரம்பரிய விடுதி பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். பாதிக் கேள்விகள் குளியலைப் பற்றியவை. வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

ரியோகான் என்றால் என்ன? ஓட்டலில் இருந்து எதில் வேறுபடுகிறது?

பாய் விரித்த அறை, தரையில் மெத்தை, வெந்நீர் ஊற்றுக் குளியல் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் சரிதான், ஆனால் போய்த் தங்கும்போது முதலில் உறைப்பது நேரக் கணக்கு. ஓட்டலில் அறைக்குக் காசு கொடுத்துவிட்டால் எப்போது வருகிறீர்கள், எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ரியோகானில் பிற்பகல் மூன்று மணி முதல் மறுநாள் காலை பத்து மணி வரை உள்ள பொழுதையே விலைக்கு வாங்குகிறீர்கள். போனதும் அறையில் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும், அப்புறம் குளியல், ஆறு ஆறரைக்கு விருந்து, நீங்கள் சாப்பிடும் நேரத்தில் யாரோ வந்து மெத்தை விரித்துவிட்டுப் போவது, விடிந்ததும் இன்னொரு குளியல், எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு. இந்த வரிசைக்குள் நீங்கள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அது பிடிக்காதவர்களுக்கு ஓட்டலே மேல், இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் சாலையோரத்தில் பிறந்தது. எடோ காலத்தில் (1603-1868) இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த டோக்காய்தோ சாலையில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. அங்கே ஹதாகோ எனப்பட்ட விடுதிகளில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் போட்டார்கள். கையில் காசு குறைந்தவர்கள் கிச்சின்யாதோவில் தங்கி, விறகுக்கு மட்டும் பணம் கொடுத்துத் தாங்களே சமைத்துக்கொண்டார்கள். இன்றைய ரியோகான் அந்த ஹதாகோவின் வாரிசு. அதைவிடப் பழையவையும் உண்டு: யமனாஷியில் உள்ள கெய்யுன்கான் 705-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய ஓட்டல் என்று கின்னஸ் பதிவில் இருக்கிறது.

இணையத்தில் காட்டும் விலை அறைக்கா, ஆளுக்கா?

பெரும்பாலும் ஆளுக்கு, அதுவும் இரண்டு வேளைச் சாப்பாட்டோடு சேர்த்து. ஜப்பானியத் தளங்களில் அப்படித்தான் போடுவார்கள். வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் இரண்டு பேருக்கான மொத்தத்தைக் காட்டுவதும் உண்டு, அதனால் பணம் கட்டும் முன் எத்தனை பேருக்கு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். குடும்பமாக நடத்தும் மின்ஷுகு என்கிற எளிய விடுதியில் சாப்பாட்டோடு ஆளுக்கு 8,000 முதல் 12,000 யென் ஆகலாம். நல்ல ரியோகான் என்றால் 15,000 முதல் 30,000. ஐம்பதாயிரத்துக்கு மேலேயும் தாராளமாகப் போகும். ஒரு யென் ஏறக்குறைய அரை ரூபாய், கொஞ்சம் மேலே கீழே. ஒன்சென், அதாவது வெந்நீர் ஊற்று உள்ள இடங்களில் குளியல் வரி என்று ஆளுக்கு 150 யென் வழக்கமாகத் தனியாக வாங்குவார்கள். கியோட்டோ போன்ற நகரங்களில் தங்கல் வரியும் உண்டு.

செலவைக் குறைக்க ஒரே நல்ல வழி, சனிக்கிழமையைத் தவிர்ப்பது. ஞாயிறு இரவில் இருந்து வியாழன் வரை அதே அறை நன்றாகவே மலிவு. ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன் பண்டிகைச் சமயம், புத்தாண்டு ஆகிய மூன்று சமயங்களிலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். சாப்பாடு இல்லாமல் தங்குவதற்கு 'சுதோமாரி' என்று பெயர், அதுவும் கிடைக்கும். ஆனால் மலை ஊரில் சாப்பாடு இல்லாமல் பதிவு செய்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் கடை தேடினால் எல்லாம் சாத்தியிருக்கும்.

தனியாகப் போனால் தங்க விடுவார்களா?

விடுவார்கள், எல்லா இடத்திலும் இல்லை. இரண்டு பேர் காசு வரவேண்டிய அறையில் ஒருவர் தங்கினால் அவர்களுக்குக் கட்டாது. வார நாட்களில் தேடுங்கள்.

எந்த ஊரில் தங்குவது? கியோட்டோவிலேயே எடுத்துவிடலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். கியோட்டோவில் தவாராயா, ஹீராகியா மாதிரி தலைமுறை தலைமுறையாக நடக்கும் அருமையான ரியோகான்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கியோட்டோவில் நீங்கள் பகல் முழுக்கக் கோயில் கோயிலாக அலைந்துவிட்டு இரவு எட்டரைக்குக் கால் வலியோடு திரும்புவீர்கள். கொடுத்த காசில் பாதி அப்போதே வீண். ஊரே குளியலுக்காக இருக்கும் இடத்துக்குப் போங்கள், அங்கே பார்க்க வேறொன்றும் இல்லாததுதான் வசதி.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹியோகோ மாநிலத்தில் உள்ள கினோசாகி. கியோட்டோவில் இருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஊர் நடுவே கால்வாய், கரையில் வில்லோ மரங்கள், ஊருக்குள் ஏழு பொதுக் குளியலகங்கள். எந்த விடுதியில் தங்கினாலும் ஏழுக்கும் நுழைவுச் சீட்டு இலவசமாகத் தருகிறார்கள். சாயங்காலம் ஆனால் ஊரே யுகாத்தா என்கிற பருத்தி அங்கியும் மரச்செருப்பும் போட்டுக்கொண்டு டக் டக் என்று ஒரு குளியலில் இருந்து அடுத்த குளியலுக்கு நடந்துபோகிறது. குளிர்காலத்தில் நண்டுக் காலம், அப்போது விலை எகிறும்.

டோக்கியோவில் இருந்து பக்கம் வேண்டுமென்றால் ஹாகோனே, வசதியான ஊர், கூட்டமும் அதிகம். தெற்கே கியூஷு தீவுக்குப் போகிறவர்களுக்குக் குமாமோட்டோவின் குரோகாவா. அங்கே ஒரு மர வில்லை வாங்கினால் வேறு வேறு விடுதிகளில் மூன்று திறந்தவெளிக் குளியல்களுக்குப் போகலாம், 1986-இல் இருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. நடக்கப் பிடித்தவர்கள் பழைய நாகாசெந்தோ பாதையில் மாகோமேயில் இருந்து த்சுமாகோ வரை எட்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு, அங்கே ஒரு மின்ஷுகுவில் தங்கலாம்.

பதிவு செய்யும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

எத்தனை மணிக்கு வருவீர்கள், என்ன சாப்பிட மாட்டீர்கள், தரையில் உட்கார முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா. இந்த மூன்றையும் வாரக்கணக்கில் முன்னாலேயே எழுதிவிடுங்கள். ரியோகானில் வருகிற சங்கடங்களில் முக்கால்வாசி அங்கே போய் நின்றுகொண்டு சொல்வதால் வருகிறவை. முன்னால் சொன்னால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் அக்கறைக்கு அளவே இல்லை. வாசலில் வைத்துச் சொன்னால் மன்னிப்புதான் கிடைக்கும், சாப்பாடு கிடைக்காது. ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுத்து வைப்பது அங்கே சட்டம், அதனால் கேட்டால் தயங்காமல் கொடுங்கள்.

தாமதமாகப் போனால் என்ன ஆகும்?

ஒருமுறை மலைப்பாதையில் கடைசிக்கு முந்தைய பேருந்தை விட்டுவிட்டு, ஏழேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். தொலைபேசியில் சொல்லவும் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது. வாசலில் குடையோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராகச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்தார்கள், பொரித்தது எல்லாம் ஆறியிருந்தது. சமையல்காரர் ஒவ்வொரு தட்டையும் உங்கள் நேரத்துக்குக் கணக்கிட்டு அடுப்பில் ஏற்றுகிறார், ஏழு மணிக்கு மேல் போனால் சாப்பாடே இல்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். முடியாதென்று தெரிந்தவுடன் கூப்பிட்டுச் சொல்லுங்கள், ரயில் நிலையத் தகவல் மையத்தில் கேட்டால் அவர்களே பேசிக்கூடத் தருவார்கள்.

செருப்பு விஷயம் குழப்பமாக இருக்கிறதே?

வாசலில் தாழ்வான பகுதியில் காலணியைக் கழற்றிவிட்டு மேலே ஏறி, அங்கே வைத்திருக்கும் வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். அறையில் தத்தாமி பாய் தொடங்கும் இடத்தில் அந்தச் செருப்பையும் கழற்றிவிடுங்கள், பாய்மேல் வெறுங்கால் அல்லது காலுறை மட்டும்தான். கழிவறைக்குத் தனிச் செருப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடுவது எல்லா வெளிநாட்டவரும் ஒருமுறையாவது செய்கிற காரியம். சக்கரப் பெட்டியைப் பாய்மேல் உருட்டக் கூடாது, தூக்கிக்கொண்டு போங்கள். சுவரில் ஓவியச் சுருளும் பூவும் வைத்த ஒரு மாடம் இருக்கும், பார்த்தால் பெட்டி வைக்கத் தோதான இடம் போலவே இருக்கும். அது தொகொனோமா, நம் வீட்டு சாமி மாடத்தில் பெட்டி வைப்போமா?

பொதுக் குளியலில் உண்மையிலேயே ஒன்றும் உடுத்தக் கூடாதா?

கூடாது. நீச்சல் உடைக்கும் இடமில்லை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கலந்து குளிக்கும் இடங்கள் இப்போது மிகக் குறைவு, நீங்களாகத் தேடிப் போனால்தான் உண்டு.

வாசலில் துணித்திரை தொங்கும், வழக்கமாக நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஆணுக்கான எழுத்தின் மேல் பகுதி நாலு கட்டமாகப் பிரித்த வயல் மாதிரி இருக்கும். பல விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையில் இரண்டு குளியலையும் மாற்றிவிடுவார்கள், எல்லோரும் இரண்டையும் அனுபவிக்கட்டும் என்று. இரவில் போன கதவுதானே என்று காலையில் தூக்கக் கலக்கத்தோடு நுழைந்துவிடாதீர்கள்.

உள்ளே கூடையில் துணிகளை வைத்துவிட்டு, சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சுவரோரம் குட்டை முக்காலிகளும் கைக்குழாய்களும் இருக்கும். உட்கார்ந்து (நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும்) தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, நுரை துளி இல்லாமல் அலசி, முக்காலியையும் அலசிவிட்டு அப்புறம்தான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க இல்லை, சும்மா ஊறிக் கிடக்கத்தான். எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் நீர் என்பதால் இதில் மட்டும் கண்டிப்பாக இருப்பார்கள். நீளமான கூந்தல் என்றால் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள், துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வைத்த தலையோடு போகிறவர்கள் அன்று இரண்டுமுறை ஷாம்பு போட்டுவிடுவது நல்லது.

சூடு பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. முதல் முறை பத்து நிமிஷம் போதும், ஏறி உட்கார்ந்து ஆறவிட்டு மறுபடி இறங்கலாம்.

எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. வேறு வழி?

இருக்கிறது. 'காஷிகிரி' என்று கேளுங்கள், குடும்பமாகவோ தனியாகவோ முக்கால் மணி நேரம் பூட்டிக்கொண்டு குளிக்கும் தனிக் குளியல். சில இடங்களில் இலவசம், சில இடங்களில் இரண்டு மூன்றாயிரம் யென். போனவுடனே நேரம் குறித்துக்கொள்ளாவிட்டால் நல்ல நேரங்கள் போய்விடும். அறையோடு ஒட்டிய திறந்தவெளிக் குளியல் உள்ள அறைகளும் உண்டு, விலை ஏறும். இல்லையென்றால் விடியற்காலை ஐந்தரைக்குப் பொதுக் குளியலுக்குப் போங்கள், தொட்டி காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் இரண்டு நிமிஷக் கூச்சம் போனால் அப்புறம் தண்ணீரின் சூடுதான் நினைவில் இருக்கும்.

பச்சை குத்தியிருந்தால்?

உடம்பை மூடிய பச்சை யாகுஸா என்கிற குற்றக் கும்பல்களின் அடையாளமாக இருந்ததால் பல குளியல்களில் தடை. 2015-இல் சுற்றுலாத் துறை கேட்டபோது பதில் தந்த விடுதிகளில் பாதிக்கும் மேல் அனுமதிப்பதில்லை என்றே சொல்லின. நிலைமை மெல்ல மாறுகிறது. சின்னதாக இருந்தால் ஒட்டுத்துணியால் மறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். நான் சொன்ன கினோசாகியில் ஏழு பொதுக் குளியல்களிலும் பச்சையோடு போகலாம், இன்னொரு காரணம் அந்த ஊருக்கு.

நகை போட்டுக்கொண்டு இறங்கலாமா? ரத்தக்கொதிப்பு, கர்ப்பம் இருந்தால்?

வெள்ளி மெட்டி, கொலுசைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். கந்தகம் கலந்த நீரில் வெள்ளி சில நிமிஷத்தில் கறுத்துவிடும். குசாத்சு போன்ற ஊர்களில் நீர் கடுமையான அமிலம் வேறு. ரத்தக்கொதிப்போ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் மட்டும். சாராயம் குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். கர்ப்பிணிகள் குளிக்கக் கூடாது என்ற பழைய அறிவிப்புப் பலகைகள் இன்னும் சில இடங்களில் தொங்குகின்றன, ஆனால் 2014-இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தப் பட்டியலில் இருந்து கர்ப்பத்தை நீக்கிவிட்டது. வழுக்கும் தரைதான் உண்மையான ஆபத்து. மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியில் இறங்குவதில்லை, அது அங்கே எல்லோரும் கடைப்பிடிக்கிற வழக்கம்.

நான் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

இதுதான் கஷ்டமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். ரியோகான் விருந்தின் உயிர் தாஷி என்கிற சாறு. காய்ந்த சூரை மீனைச் சீவி, கடல்பாசியோடு சேர்த்துக் காய்ச்சுவது. தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்பார்களே, கிட்டத்தட்ட அதே பொருள்தான், இங்கே சம்பலில் இடிக்கிறோம், அங்கே எல்லாவற்றிலும் ஊற்றுகிறார்கள். மிசோ சூப்பிலும், அவித்த கத்தரிக்காயிலும், முட்டையிலும், தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அது இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீனை வைப்பார்கள், அவர்கள் ஏமாற்றவில்லை, அந்தச் சொல் அங்கே அப்படித்தான் புரிகிறது. 'சகானா நோ தாஷி மோ தாமே தெசு', மீன் சாறும் ஆகாது, என்று எழுதிக் கேளுங்கள். எங்களால் முடியாது என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள், கெஞ்சி வாங்குகிற விருந்து யாருக்கும் ருசிக்காது.

முழுச் சைவம் நிச்சயமாக வேண்டும் என்றால் கோயாசான் போங்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் கூகாய் என்ற துறவி நிறுவிய மலை ஊர், ஒசாகாவின் நம்பாவில் இருந்து ரயிலும் கடைசியில் கேபிள் காரும். அங்கே ஐம்பது கோயில்கள் போல விருந்தினர்களைத் தங்கவைக்கின்றன. போடுவது ஷோஜின் ரியோரி என்கிற துறவிகள் சாப்பாடு: இறைச்சி, மீன் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை, சாறு கடல்பாசியிலும் காளானிலும் எடுப்பது. நம் வீட்டு விரத நாள் சமையலோடு கைகுலுக்கும். எள்ளில் செய்த தோஃபு அங்கே சாப்பிட்டது போல வேறெங்கும் நான் சாப்பிடவில்லை. விடியற்காலை வழிபாட்டுக்கு எழுந்து போக வேண்டும், குளிரும்.

அசைவம் சாப்பிடுவேன். என்னதான் வரும்?

சின்னச் சின்னக் கிண்ணங்களாகப் பத்துப் பன்னிரண்டு. பச்சை மீன், சுட்ட மீன், அவித்தது, பொரித்தது, மேசையில் குட்டி அடுப்பில் கொதிக்கும் ஒரு சட்டி, கடைசியில்தான் சோறும் சூப்பும் ஊறுகாயும். இதற்குக் கைசெகி என்று பெயர். சோறு எப்போது வரும் என்று நடுவில் தேடாதீர்கள், அது வந்தால் விருந்து முடிகிறது என்று பொருள். உறைப்பு சுத்தமாக இருக்காது. ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பையில் இருந்து எடுக்கக் கை பரபரக்கும், ஒரு இரவுதானே, அடக்கிக்கொள்ளுங்கள். காலையில் நத்தோ என்று நூல் நூலாக இழுக்கும் புளித்த சோயா வந்தால் ஒரு வாய் முயலலாம், பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துவிடலாம், ஜப்பானியர்களிலேயே பலருக்கு ஆகாது.

யுகாத்தா எப்படிக் கட்டுவது?

இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு. இதை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றபடி எப்படிக் கட்டினாலும் நடந்தால் அவிழத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் தெருவுக்கும் அதோடேயே போகலாம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. தரையில் படுக்க முடியுமா?

மெத்தை நல்ல தடிமனாகத்தான் இருக்கும், இன்னொன்று கேட்டால் அடுக்கித் தருவார்கள். படுப்பதைவிட எழுந்திருப்பதுதான் பாடு. 'வாயோஷித்சு' என்ற அறை வகையைத் தேடுங்கள், பாயும் இருக்கும், கட்டிலும் இருக்கும். சாப்பாட்டுக்கு நாற்காலி மேசை கேளுங்கள், இப்போது பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். பழைய மரக் கட்டடங்களில் லிஃப்ட் இல்லாமல் செங்குத்தான படிகள் இருக்கும், அதையும் கேட்டு வையுங்கள்.

ஜப்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். கைப்பேசி மொழிபெயர்ப்பும் சைகையும் போதும். வயதான தம்பதி நடத்தும் சிறிய இடங்களில் பேச்சு குறைவாக இருக்கும், உபசாரம் குறையாது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகச் சாக்கு கிடைத்தால் போய்விடுங்கள்: 1980 வாக்கில் நாடு முழுக்க எண்பதாயிரத்துக்கும் மேல் இருந்த ரியோகான்கள் 2017-க்குள் நாற்பதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டன, எடுத்து நடத்தப் பிள்ளைகள் வராதது ஒரு பெரிய காரணம்.

டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?

வேண்டாம். சேவைக் கட்டணம் விலையிலேயே இருக்கும். அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு உறையில் வைத்துச் சிறு தொகை தருவது பழைய ஜப்பானிய வழக்கம், வெளிநாட்டவரிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஊரில் இருந்து ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோனால் அது வேறு விஷயம்.

பெரிய பெட்டிகளை என்ன செய்வது?

தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஓட்டல் வரவேற்பிலோ கன்வீனியன்ஸ் ஸ்டோரிலோ கொடுத்தால் தக்யூபின் கூரியரில் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஓட்டலுக்குப் போய்விடும். ரியோகானுக்கு ஒரு சின்னப் பை போதும்; உடுப்பு, துண்டு, பல் தேய்க்கும் பிரஷ் எல்லாம் அங்கேயே இருக்கும்.

கிளம்பும்போது யுகாத்தாவை எடுத்துக்கொண்டு போகலாமா?

கூடாது, அது விடுதியுடையது. பிடித்திருந்தால் கடையில் விற்பார்கள், கேட்டுப் பாருங்கள். விடுதிப் பெயர் அச்சிட்டு உறையில் போட்டு வைத்திருக்கும் மெல்லிய சின்னத் துண்டு பெரும்பாலும் உங்களுக்குத்தான், அதைப் பிழிந்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த ஊர்ப் பொதுக் குளியலில் துண்டு வாங்கும் காசு மிச்சம்.